எபிசோடு 41: கணக்கு டியூஷன் – பிள்ளை எந்த வகுப்பில் நின்றுபோனான்?

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான். காரணம், கடந்த இரண்டு மாதமாக வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கணக்கு டியூஷன். "எந்த வகுப்பில் சேர்க்கலாம்?", "வீட்டுக்கு வருகிற சார் நல்லதா, சென்டர் நல்லதா?", "பையன் எட்டாம் வகுப்பு வரைக்கும் நல்லா போட்டான், இப்ப ஏன் சார் இப்படி?" திருச்சியில் பதினெட்டு வருடமாக நான் செய்கிற வேலையே இதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து இன்ஜினியரிங் அரியர் வரைக்கும். அதனால் இந்த எபிசோடில் நானே பேசிவிடலாம் என்று நினைத்தேன். பேச்சை எழுத்தாக்கும்போது கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் ஒரு கணக்கு. கேட்டுக்கொண்டே மனசுக்குள் போடுங்க. 8 பிளஸ் 4 சமம், ஒரு காலிக் கட்டம், பிளஸ் 5. அந்தக் கட்டத்தில் என்ன வரும்?

7 வரும். இடப்பக்கம் 12, வலப்பக்கமும் 12 ஆக வேண்டும். ஆனால் புதிதாக வருகிற ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் நிறைய பேர் யோசிக்காமல் 12 என்று எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். இது நம்ம ஊர்ப் பிள்ளைகளின் குறை இல்லை. அமெரிக்க ஆரம்பப் பள்ளிகளில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோதும் இதே 12-ம் 17-ம்தான் வந்தன. கணக்குக் கல்வி படிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி இது.

ஏன் 12? அந்தப் பிள்ளைக்குச் சமக்குறி என்றால் "விடையை இங்கே எழுது" என்ற ஒரு கட்டளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறது. 8 + 4 = என்றதும் கை தானாக 12 எழுதிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே எடை, தராசு மாதிரி, என்ற எண்ணம் உள்ளே போகவே இல்லை. ஏழாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது பாடப்புத்தகத்தில் தராசுப் படம் இருக்கும். படத்தைப் பார்க்கும், பக்கத்தைத் திருப்பும். அதற்குள் யாராவது ஒருத்தர் குறுக்குவழி சொல்லிக் கொடுத்துவிடுவார்: "அந்தப் பக்கம் போனா குறி மாறும்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒரு பையன் கதையோடு. கதையில் தப்பு செய்தவன் நான்.

அவன் பத்தாம் வகுப்பில் ஜூன் மாதம் என்னிடம் வந்தான். நல்ல பையன், பேச்சு கம்மி. அம்மா தையல் வேலை செய்கிறார், அப்பா வெளியூரில். மாதச் ஃபீஸை அந்த அம்மா ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். முதல் வாரமே அவனிடம் 5 மைனஸ் எக்ஸ் சமம் 8 என்று எழுதிக் கொடுத்தேன். எக்ஸ் சமம் 3 என்றான். "எப்படிடா?" என்றேன். "5 அந்தப் பக்கம் போனா மைனஸ் 5 சார். எட்டுல அஞ்சு போனா மூணு." சரியான விடை மைனஸ் 3. எக்ஸுக்கு முன்னால் நின்ற மைனஸ் அவன் கண்ணிலேயே படவில்லை. "3 போட்டுப் பார், 5 மைனஸ் 3 எட்டு வருதா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "மைனஸை விட்டுட்ட பாரு" என்று சிவப்பு மையில் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

எனக்கு அது தெரிந்தேதான் நடந்தது. இவன் நின்றுபோனது ஏழாம் வகுப்பில் என்று அன்றைக்கே தெரியும். ஆனால் காலாண்டில் 41 வாங்கினான். அந்த அம்மா வந்து, "சார், எப்படியாவது எண்பதுக்கு மேல கொண்டுவாங்க, குரூப் கிடைக்கணும்" என்றார். கையில் ஆறு மாதம்.

இங்கே பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நமது மாநிலப் பாடத்திட்டத்தில் வினாத்தாள் நூறு மதிப்பெண். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் 10 எழுத வேண்டும், ஐந்து மார்க் 10. கடைசியில் எட்டு மார்க் வீதம் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். இந்தக் கடைசி 16 மதிப்பெண்ணை, கணக்கே வராத பிள்ளைக்கும் இரண்டே மாதத்தில் வாங்கிக் கொடுத்துவிடலாம். கவராயத்தை எங்கே வைக்கணும், எந்த வில்லை எங்கே வெட்டணும், உதவிப்படம் போடு, அளவுத்திட்டம் எழுது. பாட்டி கோலம் போடக் கற்றுக்கொடுப்பது மாதிரிதான். ஒரு மார்க்குக்குப் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகள். மீதிக்கு வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் முதல் வரி என்ன, இரண்டாம் வரி என்ன என்று மனப்பாடம்.

இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. டிசம்பரில் ஒரு பிள்ளை இருபது மார்க்கோடு என்னிடம் வந்தால் இன்றைக்கும் இதைத்தான் செய்வேன். 35 வாங்காமல் போனால் அந்தப் பிள்ளைக்கு, அதுவும் பெண் பிள்ளை என்றால், வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பாஸ் முதலில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தப் பையனுக்கு நேரம் இருந்தது. ஜூனிலேயே வந்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏழாம் வகுப்புக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வகை பிரித்து அடித்தேன். அவனும் உழைத்தான். 91 வாங்கினான். அந்த அம்மா அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். தெரு முழுக்க என் பேர். அடுத்த ஜூனில் அந்தத் தெருவிலிருந்து மட்டும் நாலு பேர் சேர்ந்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினொன்றாம் வகுப்பில் அவன் வேறு ஒரு பெரிய சென்டருக்குப் போனான். அங்கே ஒரு பேட்சில் அறுபது பேர். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டாவது பாடமே அடிப்படை இயற்கணிதம். அதில் அசமன்பாடுகள் வரும். மைனஸ் 2 எக்ஸ், 6-ஐ விடச் சிறியது என்றால் எக்ஸ் என்ன? மைனஸ் எண்ணால் வகுத்தால் சிறியது பெரியதாக மாறும். எக்ஸ், மைனஸ் 3-ஐ விடப் பெரியது. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ளவே முடியாது. எது மாறும், ஏன் மாறும் என்று கேட்டால் பதில் இருக்காது. அவன் அங்கே மூழ்க ஆரம்பித்தான். சென்டரில் யாரும் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அறுபது நோட்டை யார் பார்ப்பது? எப்படியோ பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி, இன்ஜினியரிங்கில் சேர்ந்தான்.

கொஞ்சம் பாதை மாறிப் போய்விட்டு வருகிறேன். ஒருத்தருக்கு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில் உண்மையிலேயே என்ன பலன்? 1984-ல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் ஒரு கட்டுரை எழுதினார். தனியாக ஒரு ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன், வழக்கமான வகுப்பின் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் மேலே போனான் என்றார். திட்ட விலக்கம் நம்ம பத்தாம் வகுப்பு எட்டாவது பாடத்தில் வருவதுதான். இரண்டு திட்ட விலக்கம் என்றால் நூறில் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தாண்டுவது. டியூஷன் விளம்பரங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 2011-ல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அந்தப் பலன் சுமார் 0.79 திட்ட விலக்கம்தான் வந்தது. அதுவும் சின்னது இல்லை. நடுவில் இருக்கிற பிள்ளை நூறில் ஏறக்குறைய 78 பேரைத் தாண்டுகிற அளவு. ஆனால் மந்திரம் இல்லை.

ப்ளூம் சொன்னதில் நிறைய பேர் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒரு பாடத்தில் தேர்ந்த பிறகுதான் அடுத்த பாடத்துக்கு நகர்த்தப்பட்டார்கள். தெரியாததை விட்டுவிட்டுத் தாண்டிப் போகவில்லை. என் அனுபவத்தில் பலன் வருவதே அங்கேதான். நான் நன்றாக விளக்குகிறேன் என்பதால் இல்லை. நல்ல விளக்கம் இன்றைக்கு யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பென்சில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். பிள்ளை 1/2 பிளஸ் 1/3 என்ற இடத்தில் ஒரு நொடி தயங்கி, மேலே கூட்டி, கீழே கூட்டி, 2/5 என்று எழுதுவதை வீடியோ பார்க்காது. நான் பார்ப்பேன். "அரை ரொட்டியோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்க. 2/5 அரையைவிடப் பெருசா, சிறுசா?" என்று கேட்பேன். பிள்ளை யோசிக்கும், சிரிக்கும், அழிக்கும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். முப்பது பேரை உட்கார வைத்து போர்டில் எழுதிப்போடுவதற்குப் பெயர் டியூஷன் இல்லை. அது சாயங்காலம் நடக்கிற இன்னொரு பள்ளிக்கூடம்.

இதில் ஒரு சுவாரசியம். ராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்தில் கையில் எடுத்துக்கொண்டு கிடந்த அந்தப் புகழ்பெற்ற புத்தகம், ஜார்ஜ் கார் எழுதிய கணக்குத் தொகுப்பு, அடிப்படையில் ஒரு டியூஷன் வாத்தியாரின் நோட்டுதான். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற தனி ஆசிரியர் அவர். விளக்கம் அதிகம் இல்லாமல் சூத்திரங்களாக அடுக்கியிருப்பார். அந்த ஒரு பையனுக்கு அது போதுமாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் அதே மாதிரி சூத்திர அட்டை கொடுத்துப் பார்க்கிறோம் பாருங்க, அதுதான் பிரச்சினை.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றான். மீசை வந்துவிட்டது. "சார், எம்-ஒன் அரியர் சார். ரெண்டாவது தடவையும் போச்சு." எம்-ஒன் என்பது முதல் செமஸ்டர் கணக்குத் தாள். அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம். கல்லூரியில் என்னிடம் வருகிறவர்கள் முக்கால்வாசி இந்தத் தாளுக்காகத்தான் வருகிறார்கள். எல்லாரும் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது. இவன் பரவாயில்லை, இரண்டு மாதம் முன்னால் வந்தான்.

ஐகன் மதிப்புக் கணக்கு ஒன்று கொடுத்தேன். இரண்டுக்கு இரண்டு அணி. முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3. அழகாகப் போட்டான். லாம்டா ஸ்கொயர் மைனஸ் 7 லாம்டா பிளஸ் 10 சமம் பூஜ்யம். காரணிப்படுத்தி 5, 2. பத்தாம் வகுப்பில் நான் அடித்த அடி அது, கை மறக்கவில்லை. அடுத்து 5-க்கான ஐகன் வெக்டர். 4-லிருந்து 5 போனால் மைனஸ் 1. ஆக முதல் வரி: மைனஸ் எக்ஸ் பிளஸ் ஒய் சமம் பூஜ்யம்.

அடுத்த வரியில் அவன் எழுதினான்: ஒய் சமம் மைனஸ் எக்ஸ்.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. "எப்படிடா தம்பி?" என்றேன். "எக்ஸ் அந்தப் பக்கம் போச்சு சார், மைனஸ் ஆச்சு."

கவனிங்க. ஏழாம் வகுப்பில் அவன் கேட்ட விதி "குறி மாறும்". அவன் மனசில் தங்கியது "மைனஸ் ஆகும்". பெரும்பாலும் நாம் கொடுக்கிற முதல் கணக்குகளில் எல்லாம் பிளஸ்தானே அந்தப் பக்கம் போகிறது? ஏற்கெனவே மைனஸாக இருந்தது போனால் என்ன ஆகும் என்று அவன் தனியாக யோசித்ததே இல்லை. அதே மைனஸ். 5 மைனஸ் எக்ஸ் சமம் 8 போட்ட அன்றைக்கு அவன் விட்ட அதே மைனஸ். வகுப்பு மாறிவிட்டது, எக்ஸ் பக்கத்தில் லாம்டா வந்துவிட்டது, தப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு ஐகன் வெக்டரை மூடி வைத்தோம். வெள்ளைத் தாளில் ஒரு தராசு வரைந்தேன். பத்தொன்பது வயசுப் பையனுக்கு. அவனுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். "எதுவும் எங்கேயும் போகாதுடா. அந்தப் பக்கம்னு ஒண்ணு கிடையாது. ரெண்டு தட்டுலயும் ஒரே வேலையைச் செய்யணும், அவ்வளவுதான்" என்றேன். மைனஸ் எக்ஸ் பிளஸ் ஒய் சமம் பூஜ்யம். இரண்டு பக்கமும் எக்ஸைக் கூட்டு. இடப்பக்கம் ஒய் மட்டும். வலப்பக்கம் எக்ஸ். ஒய் சமம் எக்ஸ். அப்புறம் சரிபார்க்கச் சொன்னேன்: வெக்டர் 1, 1. அந்த அணியால் பெருக்கினால் 5, 5 வருகிறது. அதாவது அதே வெக்டரின் ஐந்து மடங்கு. அவன் முதலில் எழுதியது 1, மைனஸ் 1. அதைப் பெருக்கினால் 3, மைனஸ் 1. ஐந்து மடங்கு இல்லை. "சார், இப்படிச் சரிபார்க்கலாம்னு யாருமே சொல்லலையே" என்றான். சொல்லியிருக்க வேண்டிய முதல் ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாலு ஞாயிறு முழுக்க ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு. மைனஸ் 3 மைனஸ் 5 என்ன? "மைனஸ் மைனஸ் பிளஸ், எட்டு" என்றான். பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டலுக்குப் போடுகிறான். மூன்று ரூபாய் கடன், மேலும் ஐந்து ரூபாய் கடன் என்றதும் அவனே மைனஸ் 8 என்று திருத்தினான். அப்புறம் பின்னங்கள். ஐந்தாவது ஞாயிறுதான் கல்லூரிப் புத்தகத்தைத் திறந்தோம். அதன் பிறகு வேகமாக ஓடியது. அந்த முறை தாளைத் தாண்டினான். பெரிய மார்க் இல்லை, தாண்டினான்.

அவன் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். பத்தாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும், மார்க்குக்காக விட்டுவிட்டேன் என்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எண்பது கேட்டிருக்க மாட்டேனே சார்" என்றார். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்று. புதிதாக யார் வந்தாலும், எந்த வகுப்பாக இருந்தாலும், முதல் நாள் பாடம் இல்லை. ஐந்து கேள்வி. ஆரம்பத்தில் சொன்ன காலிக்கட்டம். 1/2 பிளஸ் 1/3. மைனஸ் 3 மைனஸ் 5. ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் (ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதினால், ஏ-க்கு 1, பி-க்கு 1 போட்டுப் பார்க்கச் சொல்வேன், 4-க்குப் பதில் 2 வரும்). கடைசியாக, இருபது சதவீதத் தள்ளுபடி போக ஒரு சட்டை 480 ரூபாய், அசல் விலை என்ன? 600. ஆனால் 480-க்கு இருபது சதவீதம் கண்டுபிடித்து அதோடு கூட்டி 576 என்பவர்கள் காலேஜிலும் உண்டு. விடையைவிட, எப்படி வந்தது என்று பிள்ளை சொல்வதைத்தான் கேட்பேன். இருபது நிமிடத்தில் எந்த வகுப்பில் நின்றான் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லிவிடுவேன்: உங்க பொண்ணு ஒன்பதாம் வகுப்பு, ஆனால் பின்னத்தில் ஆறாம் வகுப்பில் இருக்கிறாள், முதல் இரண்டு மாதம் மார்க் ஏறாது. சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

நீங்கள் டியூஷன் தேடுகிறவராக இருந்தால், அந்த சாரிடம் கேட்க வேண்டியது "எத்தனை பேர் சென்டம்?" என்று இல்லை. "என் பிள்ளைக்கு எது தெரியவில்லை?" என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்க. "சில்லி மிஸ்டேக் நிறைய பண்றான்" என்று மட்டும் பதில் வந்தால் அவர் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். சில்லி மிஸ்டேக் என்று நாம் சொல்வதில் பாதி, பிள்ளை முழு நம்பிக்கையோடு செய்கிற தப்பு. இன்னொன்று, பிள்ளையின் பள்ளி ஆசிரியரே தன்னிடம் டியூஷன் வரச் சொல்லி நெருக்கினால் பயப்படாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது.

டியூஷனை எப்போது நிறுத்துவது என்று ஒரு அப்பா கேட்டிருந்தார். பிள்ளை தன் விடையைத் தானே சரிபார்க்க ஆரம்பித்ததும் நிறுத்தலாம். எந்த சாரும் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நான் உட்பட. அடுத்த மாத ஃபீஸ் போய்விடும் இல்லையா. அதனால் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த எபிசோடு முழுக்கப் பின்னங்கள். பென்சில், பேப்பர், முடிந்தால் ஒரு சப்பாத்தி வைத்துக்கொண்டு உட்காருங்க.